என் பெயருக்கு மேலே ஒரு வரி

நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் கைவைக்காத வாடிக்கையாளரை இன்றுவரை கண்டதில்லை. தையல்காரரிடம் சட்டையை வாங்கிப்போனவர், வீட்டில் வைத்து அதன் கையைக் கத்தரித்துவிட்டு, "சட்டை சரியில்லை" என்று திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? போரின் கடைசி வருடங்களில் மாதத்துக்கு நான்கு காலையாவது எனக்கு அப்படித்தான் விடிந்தது. எல்லோருக்கும் ஒரு மச்சான் இருப்பார். அந்த மச்சானுக்குக் கொம்பியூட்டர் தெரிந்திருக்கும். அவர் ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டுவிட்டு என் கோப்பைத் திறந்து நிறத்தை மாற்றுவார், ஒரு அடைப்புக்குறியை விழுங்குவார், பக்கம் வெள்ளையாகிவிடும். திங்கட்கிழமை எனக்குப் போன் வரும். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "உங்கள் புரோகிராம் பழுதாகிவிட்டது" என்பார்கள், தானாகவே பழுதாகும் பால்மாவைப் போல.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு கணினி திருத்தும் கடை. அதன் பின்பாதியில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கணினி. இவ்வளவுதான் என் தொழிற்சாலை. கடைக்காரர் முஸ்லிம். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் முன்னால் உடைந்த கணினிகளைத் திருத்த, நான் பின்னால் வெப்சைட்டுகளை இயக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்த ஸ்கிரிப்டை மூடிய பெட்டியாகக் கொடுக்க முடியாது. நாம் எழுதிய எழுத்து அப்படியே வாடிக்கையாளரின் சர்வரில் போய் உட்காரும், அதன் பாஸ்வேர்ட் அவர் கையில் இருக்கும். திறந்தால் வாசிக்கலாம், வாசித்தால் மாற்றலாம். ஆகவே நான் எல்லாரிடமும் ஒன்றை மட்டும் கேட்டு வைத்தேன். பக்கத்தின் அடியில் என் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். கலஹாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள் நான். என் பெயர் எழுத்தில் எங்கேயாவது நிற்பதில் எனக்கொரு திமிர் இருந்தது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

அப்போது நன்றாகப் போனது அறை பதிவு செய்யும் ஸ்கிரிப்ட். கண்டியைச் சுற்றி ஏழு விடுதிகள் அதை வாங்கியிருந்தன. திகதியைப் போட்டால் எத்தனை அறை காலி என்று காட்டும். பக்கத்தின் தலையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பொத்தான்கள். தமிழை ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் வைத்தேன். இன்டர்நெட் கஃபே கணினிகளில் அந்த நாளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் 'அறைகள் உள்ளன', 'எத்தனை பேர்', 'வரும் திகதி' என்று ஒவ்வொரு சொல்லையும் படமாக வரைந்து ஒட்டினேன். மூன்று வாரம் அதற்கே போனது. கண்டிக்குப் படிக்க வந்த வருடம் நான் போர்டிங் தேடி அலைந்திருக்கிறேன். வாசலில் பெயரைச் சொன்னதும், "ஐயோ, இப்போதுதானே ஒருவருக்குக் கொடுத்தோம்" என்பார்கள். இரண்டு வீதி முழுக்க அன்றைக்கு இப்போதுதான் கொடுத்திருந்தார்கள். ஒரு தமிழ் ஆள் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல், தன் மொழியில் அமத்தி, மானமாக ஓர் அறை எடுக்கட்டும் என்றுதான் அந்தப் பொத்தானை வைத்தேன்.

ஒரு நாள் காலை வவுனியாவிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"பிள்ளை, மனுசியைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவேணும். ஒரு கிழமைக்கு அறை பாக்கிறன். தமிழிலை அமத்தினா அறை இல்லையெண்டு வருது. எந்தத் திகதி போட்டாலும் இல்லை. என்ரை கூட்டாளி இங்கிலீசிலை போட்டுப் பாத்தவர். அதே நாளுக்கு நாலு அறை கிடக்கு. அடியிலை உங்கடை பேர் கிடந்தது. அதுதான் உங்களிட்டையே கேப்பம் எண்டு எடுத்தனான்."

"அப்ப இங்கிலீஷ்லயே போட்டிருக்கலாமே சேர்" என்றேன், யோசிக்காமல்.

"போட்டிருக்கலாம் பிள்ளை. ஆனா வந்து இறங்கிறது தமிழ் மனுசியெல்லோ" என்றார்.

என் பிழையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். படம் மாறி ஒட்டியிருப்பேன் என்று அவர் சொன்ன விடுதியின் பக்கத்தைத் திறந்தேன். சிங்களத்தில் நான்கு அறை, ஆங்கிலத்தில் நான்கு அறை, தமிழில் ஒன்றுமில்லை. பிறகு கோப்பைத் திறந்தேன். நடுவில் ஒரு வரி கிடந்தது. அது நான் எழுதியதல்ல. மொழி தமிழ் என்றால் காலி அறைகள் பூஜ்யம். அவ்வளவுதான். எழுதியவர் நேர்த்தியான ஆள். நான் எப்படி நான்கு இடம் விட்டு வரியைத் தொடங்குவேனோ, அப்படியே விட்டுத் தொடங்கியிருந்தார். தெரியாதவர் பார்த்தால் நானே எழுதியது என்றுதான் சொல்வார். அடியில் என் பெயரும் இருந்தது.

எண்பத்து மூன்று கலவரத்தில் எனக்கு இரண்டு வயது. கண்டியில் வாடகைக்கு இருந்தோம். "கையில வாக்காளர் இடாப்பு வச்சிருந்தாங்க, நம்பர் பார்த்துப் பார்த்து வந்தாங்க" என்று அம்மா சொல்வார். அதற்குப் பிறகுதான் கலஹாவுக்கு, மாமாவின் லயத்துக்குப் போனோம். இப்போது இடாப்புத் தேவையில்லை. ஆளே வந்து ஒரு பொத்தானை அமத்தி, நான் தமிழன் என்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பொத்தானைச் செய்து வைத்தவள் நான். மூன்று வாரம் உட்கார்ந்து, ஆசை ஆசையாக, படம் வரைந்து.

நானாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"மொதல்ல அவங்கள வரச் சொல்லு தங்கச்சி. எங்கட மாமிட ஊட்டு மேல்மாடி சும்மாதான் ஈக்கி."

உடனே ஆசிரியருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். பிறகு, "எங்கடை பாடு முடிஞ்சுது பிள்ளை. ஆனா அந்தப் பக்கம் இப்பவும் இல்லையெண்டுதானே சொல்லிக்கொண்டிருக்கு?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அதனால்தான் எனக்கு இன்னும் சுட்டது.

மறுநாள் விடுதிக்குப் போனேன். உரிமையாளர் சிங்களவர், வயதானவர், என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தேநீர் கொடுத்தார். வரியைப் பற்றிக் கேட்டதும் மறுக்கவே இல்லை. தன் மச்சான் போட்டது என்றார்.

"எனக்குத் தமிழ் ஆட்கள் மேல் ஒரு கோபமும் இல்லை, நங்கி. ஆனால் ஒரு தமிழ் ஆள் தங்கினால் மூன்று தடவை பொலிஸ் வருகிறது. பதிவைப் பார்க்கிறார்கள், மற்ற விருந்தினரை எழுப்புகிறார்கள். யாருக்கு வேண்டும் இந்தத் தலையிடி? வாசலில் வைத்து இல்லை என்று சொல்ல எனக்கும் வெட்கம். இப்படியென்றால் யாருக்கும் மனம் நோகாது."

"எனக்கு நோகுது மாத்தையா" என்றேன் சிங்களத்தில். "அந்த வரிக்குக் கீழே இருப்பது என் பெயர்."

"அப்படியானால் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன்" என்றார், பெரிய உபகாரம் செய்பவர் மாதிரி. வாங்கிய பொருள் தன்னுடையது, அதில் எதையும் மாற்றுவேன் என்றும் சொன்னார். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நானாவுக்கு என் மேல் அக்கறை. அதனால் அவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "தமிழ்ப் பொத்தான எடுத்துரு தங்கச்சி. எல்லாரும் இங்கிலீஷ்ல அமத்தட்டும். யார் எவர்னு அவனுக்கு எப்படி வெளங்கும்?"

அது புத்திசாலித்தனமான யோசனை. அதை நினைத்தாலே எனக்கு எரிந்தது. அவன் கல்லெறிகிறான் என்று நான் ஜன்னலையே சுவராக்க வேண்டுமா? "தமிழ் இருக்கும் நானா. அந்த வரிதான் போகணும்" என்றேன்.

இரண்டு வாரம் வேறு வேலை எடுக்கவில்லை. முதலில் கோப்பிலுள்ள எழுத்து அத்தனையையும் கூட்டிப் பிழிந்து ஒரு நீளமான எண்ணாக்கினேன். ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சரியான எண் என் சர்வரில் இருக்கும். பக்கம் திறக்கும்போதெல்லாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நானாவுக்குக் கைரேகை என்று சொல்லி விளக்கினேன். ஆனால் இந்தச் சோதனையும் அதே கோப்பில்தானே இருக்கிறது? மச்சான் வாசித்தால் அதையும் பிடுங்கிவிடுவார். ஆகவே கோப்பு முழுவதையும் குழப்பி, மனிதக் கண்ணுக்கு ஒன்றுமே விளங்காத எழுத்துக் கூட்டமாக்கினேன். இயந்திரம் மட்டும் அதைப் பிரித்து வாசித்துக்கொள்ளும். செய்து முடித்துத் திரையைப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். வா மச்சான், இப்போது வந்து பார் என்று வாய்விட்டே சொன்னேன். முன்னால் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

களவாக அதைப் போடவில்லை. பெரஹர திருவிழா நாட்களுக்குத் தனி நாட்காட்டி வேண்டும் என்று உரிமையாளர் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புதியதில் அது இருக்கிறது என்றேன். ஆனால் இதில் யாரும் கைவைக்க முடியாது, வைத்தால் பக்கம் நின்றுவிடும், சம்மதமா என்று நேரே கேட்டேன். சிரித்தார். "சரி சரி, நங்கி" என்றார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அது அவர் பிழை.

ஒன்பதாம் நாள் பக்கம் நின்றது. மச்சான் எதையோ நடுவில் செருகிப் பார்த்திருக்கிறார். அறைகளுக்குப் பதிலாக மூன்று மொழியிலும் ஒரே வாசகம் வந்தது: 'இந்தப் பக்கம் மாற்றப்பட்டுள்ளது. அறைகள் பற்றி இதில் வருவதை நம்ப வேண்டாம்.' அடியில் என் பெயர் இல்லை. கைரேகை பொருந்தினால் மட்டுமே பெயர் வரும்படி செய்திருந்தேன். உரிமையாளர் கத்திக்கொண்டு போன் எடுப்பார் என்று பார்த்திருந்தேன். எடுக்கவில்லை. அடுத்த நாள் முற்பகல் பொலிஸ் நிலையத்திலிருந்து எடுத்தார்கள். அடையாள அட்டையோடு உடனே வரச் சொன்னார்கள்.

நானா கடையைப் பூட்டிவிட்டு, மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

பொறுப்பதிகாரியின் மேசையில் முப்பது தாள் கிடந்தது. என் கோப்பை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். இடைவெளி இல்லாமல், அர்த்தம் இல்லாமல், மூலைக்கு மூலை எழுத்தும் இலக்கமும். உரிமையாளர் ஒரு கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன மொழி?" என்று கேட்டார் அதிகாரி.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. யாரிடமிருந்து ஒளிக்கிறேன் என்று இரண்டு வாரம் யோசித்தவள், ஒளிக்கிறவள் யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. எழுதியவள் ஒரு தமிழ்ப் பெண். போய்ச் சேர்ந்த இடம் நகரத்தில் ஆட்கள் வந்து தங்கும் ஒரு விடுதி. இதில் கால்வாசிக்கே ஆட்கள் உள்ளே போய் வருடக்கணக்கில் வெளியே வராமல் இருந்த காலம் அது. வேறு ஊரில் வேறு ஒருவர் இந்தப் பூட்டைப் போட்டிருந்தால் கெட்டிக்காரர் என்று சொல்லியிருப்பார்கள். நானா மெல்ல மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

குழப்பிய எழுத்தை அவர்கள் கண்முன்னே பிரித்தேன். பிறகு முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். இது திகதியை வாங்குகிறது. இது அறைகளை எண்ணுகிறது. இது பௌர்ணமிப் போயா நாளா என்று பார்க்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். அதிகாரி இரண்டு தடவை கொட்டாவி விட்டார். வாசிக்க வாசிக்க என் பயம் கரைந்து, பழைய கோபம் திரும்பி வந்தது. அது என் எழுத்து, அதில் வெட்கப்பட ஒரு வரிகூட இல்லை. முடித்ததும், கேட்காமலே பழைய கோப்பைத் திறந்து அந்த ஒற்றை வரியைக் காட்டினேன். மொழி தமிழ் என்றால் காலி அறைகள் பூஜ்யம்.

"இது நான் எழுதியதில்லை. இதைத் திரும்பவும் போடப் பார்த்ததால்தான் பக்கம் நின்றது."

அதிகாரி உரிமையாளரைப் பார்த்தார். உரிமையாளர் மணிக்கூட்டை விடவில்லை. அதிகாரி லேசாகச் சிரித்தார். சந்தேகம் போய்விட்டது என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ஆனால் அவர் என் பக்கம் வரவில்லை. "அவருடைய விடுதி, அவர் யாருக்கும் கொடுப்பார், கொடுக்காமல் விடுவார். நீ இந்த ரகசிய எழுத்தை எடுத்துவிட்டு, அவர் கேட்டபடி செய்து கொடுத்துவிட்டுப் போ" என்றார்.

"ரகசிய எழுத்தை இப்போதே எடுக்கிறேன்" என்றேன். "இனி யாரும் வாசிக்கலாம். நீங்களும் வாசிக்கலாம், அவர் மச்சானும் வாசிக்கலாம். ஒளித்தது என் பிழை. ஆனால் மாற்றினால் நிற்கும். அதை எடுக்க மாட்டேன்."

"மச்சான் வாசித்து, நிற்கச் சொல்லும் இடத்தையே வெட்டிவிட்டால்?"

கேள்வி நல்ல கேள்வி. "வெட்டலாம் சேர். அவர் கையிலுள்ள கோப்பை நான் காவல் காக்க முடியாது. ஆனால் அதோடு என் சர்வரிலிருந்து வரும் என் பெயரும் போய்விடும், தமிழ்ப் பக்கமும் போய்விடும். அதன்பிறகு அது அவர்களுடைய பொருள். அவர்கள் வெட்கத்தை அவர்கள் பெயரில் வைத்துக்கொள்ளட்டும்."

உரிமையாளர் அப்போதுதான் வாய் திறந்தார். பெரஹர நெருங்குகிறது, பக்கம் ஓடவேண்டும், பழையபடி ஓடினால் போதும் என்றார். அங்கேயே வைத்து, அந்த வரி இல்லாத என் கோப்பை ஏற்றினேன். மூன்று மொழியிலும் நான்கு அறை காட்டியது. அவர் போனில் எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார். என் வாயால் சொல்லவில்லை.

எழுந்து போகலாம் என்று பார்த்தால், பக்கத்து மேசை சார்ஜன் ஒரு தாளை என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தார். என் வாக்குமூலமாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சிங்களத்தில் எழுதி முடித்திருந்தார். "கீழே கையெழுத்துப் போடு. வீட்டுக்குப் போகலாம்."

எத்தனையோ பேர் அப்படிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதவர்களும் உண்டு. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஐந்தாவது வரியில் இருந்தது: ரகசிய எழுத்தைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொள்கிறேன், உரிமையாளர் விரும்பும் எந்த மாற்றத்தையும் செய்துகொடுப்பேன்.

"இது நான் சொன்னதில்லை. வெறும் தாள் தாங்க, நானே எழுதுறேன்."

"தமிழிலா? இங்கே வாசிக்க ஆள் இல்லை."

"ஆள் தேடுங்கள்" என்றேன். நானா என் முழங்கையைத் தொட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அதிகாரி சலித்துப்போய், கொடு என்று தலையாட்டினார்.

எழுதினேன். ஒன்றேகால் பக்கம் வந்தது. நடந்ததை நடந்தபடி, மாற்ற மறுத்ததையும் சேர்த்து எழுதினேன். கடைசி வரியை ஒட்டியே, இடம் விடாமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. பேனாவை அழுத்தி, கையெழுத்துக்குக் கீழிருந்து தாளின் அடிமூலை வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன். குறுக்கே இன்னொன்று.

சார்ஜனுக்குக் கோபம் வந்தது. "அரசாங்கத் தாளை ஏன் கிறுக்கி வைக்கிறாய்?"

"என் பெயர் இருக்கிற தாளில் இனி நீங்கள் ஒரு வரியும் எழுதக்கூடாது" என்றேன்.